ஐம்பத்தெட்டு கிலோ

செப்டம்பர் 7, ஞாயிறு

இடுப்பு விட்டுப்போயிற்று. இதை எழுத நாற்காலியில் உட்காருவதற்கே மேசையைப் பிடித்துக்கொண்டு தவணை முறையில் இறங்க வேண்டியிருந்தது. இந்த வருடத்துப் பந்தயங்கள் இன்று தொடங்கின. மொத்தம் ஏழு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே இந்தக் கதி என்றால் ஏழாவது நாள் என்னை மடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவதாக வந்தோம். வீட்டுக்காரிக்குத் திருப்தி இல்லை. பதினோரு வருடமாக இந்த ஏரியில் பாய்மரப் படகு ஓட்டுகிறாள். ஆண்டுக் கோப்பை ஒவ்வொரு முறையும் வேறு யாரோ வீட்டு அலமாரிக்குத்தான் போகிறது. இந்த வருடம் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் படகில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு பூனைக்குக்கூட இடமிருக்காது. பின்னால் சுக்கானும் பெரிய பாயும் அவள் கையில். முன்னால் சின்னப் பாயின் கயிறு என் கையில். காற்று படகைச் சாய்க்கும்போது நான் கால்களை வாரில் மாட்டிக்கொண்டு, உடம்பு தண்ணீருக்கு மேல் தொங்க, வெளியே மல்லாந்து படகை நிமிர்த்த வேண்டும். அங்கே என் மூளைக்கு வேலை இல்லை, எடைக்குத்தான் வேலை. அது என்னிடம் ஐம்பத்தெட்டு கிலோதான் இருக்கிறது.

வீட்டில் அவளுக்கு நான் 'நீங்க'. படகில் ஏறியதும் 'நீ'. "இழு! விடாதே, இழு! தூங்குறியா?" என்று மூச்சுவிடாமல் கத்துவாள். காற்றடிக்கும்போது மரியாதைக்கெல்லாம் நேரமில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. மகள் படிக்க வெளியூர் போனதிலிருந்து வீட்டில் பேச்சு வற்றிவிட்டது. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றாலாவது நாலு வார்த்தை வந்திருக்கும். "சாப்பிட்டாச்சா", "கேஸ் தீரப்போகுது", "ஃபேனை அணைச்சிடுங்க" - ஒரு நாளைக்கு இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் எனக்கு மனைவி இருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் படகு பிடிக்காது. தண்ணீர் பயம். குளிர் ஆகாது. இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் போகிறேன். இது அவளுக்குத் தெரியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

உள்ளங்கை தோல் உரிந்திருக்கிறது. கடையில் மூக்குக்கண்ணாடியின் வில்லையைத் தேய்க்கும்போது எரிகிறது. ஒரு வாடிக்கையாளர் கையைப் பார்த்துவிட்டு "தோட்ட வேலையா சார்?" என்றார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

செப்டம்பர் 13, சனி

சாயங்காலம் போனில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை பலத்த காற்று, இடியோடு மழை. துணியை மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நாளைக்கு மூட்டையைக் கூப்பிடட்டுமா?"

மூட்டை என்பது ரொட்டிக்கடைக்காரர். படகுச் சங்கத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவரே போனை எடுத்து "மூட்டை பேசறேன்" என்பார். தொண்ணூற்றிரண்டு கிலோ. பெருங்காற்றில் படகை நிமிர்த்த அவரைவிட்டால் ஆளில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் முன்னால் உட்காரும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. இத்தனை வருடம் அவள் அதைத் தொட்டதில்லை.

"கூப்பிடேன். எனக்கும் ஒரு நாள் ஓய்வு" என்றேன். வாய் சொல்லிவிட்டது. வயிறு எரிகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கரையில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுவரை அங்கே நின்று பார்த்ததே இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. பாய்கள் போகின்றன, வருகின்றன.

முதலில் வந்தார்கள். இரண்டாவது படகு வருவதற்குள் நான் ஒரு டீ குடித்து முடித்தேன். இறங்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "அண்ணே, அக்கா என்னைக் கொன்னுட்டாங்கண்ணே! வீட்டம்மாகூட என்னை இப்படித் திட்டினதில்லை!" என்றார் மூட்டை. நல்ல மனிதர், ஒரு பொய் கிடையாது. எனக்கு என்று தனியாக ஒரு பொட்டலத்தில் ரொட்டி வேறு கொண்டுவந்திருந்தார். அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்.

அவள் அவரை என்னவெல்லாம் திட்டியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். பக்கத்து சீட்டில் தூங்கிவிட்டாள். எங்கள் வீட்டுக்காரி இன்று வேறு ஆளோடு பேசித் தீர்த்துவிட்டு வந்திருக்கிறாள். சேச்சே, என்ன எழுதுகிறேன் நான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது.

நேற்று வானிலை அறிக்கை புயல் என்று பயமுறுத்தியது. அவள் மூட்டையைக் கூப்பிட்டாள். காலையில் போய்ப் பார்த்தால் ஏரி கண்ணாடி. இலை அசையவில்லை. லேசான காற்றில் படகுக்குக் கனம் ஆகவே ஆகாது. மற்றவர்கள் எல்லாம் ஒல்லி ஆட்களோடு நழுவிப் போக, எங்கள் படகு மட்டும் சுமை லாரிபோல நடுவில் கிடந்தது. மூட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் குந்தியிருந்தாராம், எடை குறையும் என்று.

கடைசி இடம். ஒவ்வொரு படகும் தன் ஏழு பந்தயத்தில் மிக மோசமான ஒன்றைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆக இது அவளுக்குக் கழிக்கிற பந்தயம். இனி ஒன்றுகூடச் சொதப்பக் கூடாது.

"நீங்க வந்திருக்கலாம்" என்றாள் வண்டியில். அந்த ஒரு வாக்கியத்தை வீடு வரை வைத்துக்கொண்டு வந்தேன். ஐம்பத்தொரு வயதில் இது தேவையா எனக்கு?

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று மென்காற்று என்றார்கள். அதனால் நான். பாதிப் பந்தயம் வரை மென்காற்றுதான். அப்புறம் மலைப்பக்கத்திலிருந்து ஒரு மேகம், கரிச்சட்டியின் அடிப்பக்கம்போல, இறங்கியது. காற்று ஒரு திசையிலிருந்து அடித்தாலாவது சமாளிக்கலாம். இது நாலு பக்கமும் மாறி மாறி அறைந்தது. மழைத்துளி கண்ணில் ஊசியாகக் குத்தியது.

நான் எவ்வளவு தூரம் மல்லாக்கச் சாய முடியுமோ அவ்வளவு தூரம் மல்லாந்து தொங்கினேன். தலைமுடி தண்ணீரில் நனைந்தது. படகு நிமிரவே இல்லை. அவள் பாயைத் தளர்த்தித் தளர்த்தி வேகத்தைக் கொன்றுதான் கவிழாமல் காப்பாற்றினாள். "இன்னும் வெளியே! இன்னும்!" - இன்னும் எங்கே போவது? நான் முடிகிற இடம் அதுதானே!

ஐந்தாவதாக வந்தோம். கரையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "தப்பு உங்க மேல இல்லைங்க. எடை பத்தலை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஒரு ஸ்க்ரூ அளவு சரியில்லை என்பதுபோலச் சொன்னாள். திட்டாமல்விட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

தின்கிறேன். நாலு முட்டை, நாலு வாழைப்பழம், உருளைக்கிழங்கு, பால், மூட்டை கொடுத்த ரொட்டி. காலையில் கடைக்குப் போகும் வழியில் ஒன்று, வரும் வழியில் ஒன்று. மகள் போனில் "அப்பா, அம்மா சொன்னாங்க, நீங்க ராட்சசன் மாதிரி சாப்பிடறீங்களாம். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். ஆக, அவள் என்னைப்பற்றி மகளிடம் பேசியிருக்கிறாள். அதைக் கேட்டு ஒரு சந்தோஷம், பாருங்கள் என் நிலைமையை.

எடை ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது. மூட்டையைப் பிடிக்க வேண்டுமென்றால் அடுத்த வருடம் வரை தின்ன வேண்டும்.

வேறு ஒரு வழி இருக்கிறது. கம்பளி சுவெட்டர் தண்ணீர் குடித்தால் இரும்பாகக் கனக்கும். அடுக்கிப் போட்டுக்கொண்டு, மேலே மழைக்கோட்டு, அதற்கு மேலே லைஃப் ஜாக்கெட். ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் செய்திருக்கிறார்கள். யாரோ தண்ணீரிலிருந்து ஏற முடியாமல் சாகப் பார்த்ததால், ஈரத்துணி மொத்தம் எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டார்கள். சங்கக் கட்டடத்தில் அதற்கென்று கொக்கியும் தராசும் தொங்குகின்றன. யாரும் நிறுத்து நான் பார்த்ததில்லை.

சும்மா எழுதிப் பார்த்தேன். செய்ய மாட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மூட்டை. பலத்த காற்று. முதலிடம். அவள்தான் இப்போது பட்டியலில் முதலில். கரையில் எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 11, சனி

ஒரு வானிலை அறிக்கை மென்காற்று என்கிறது. இன்னொன்று புயல் என்கிறது. அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூட்டையைக் கூப்பிட்டுக் காற்று இல்லாவிட்டால் போச்சு. என்னைக் கூப்பிட்டுக் காற்று வந்தால் போச்சு.

"நான் இப்போ அறுபத்தஞ்சு கிலோ" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையத்தில் மேற்பார்வையாளர். அழுக்குத்துணிப் பொதியைக் கையில் தூக்கியே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். என் கன்னத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்.

"நிஜமாவா?"

"பின்னே? இவ்வளவு தின்னது எங்கே போகும்?"

மூட்டைக்குப் போன் செய்து நாளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை சிரித்தாள்கூட. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய கம்பளி சுவெட்டர்களை எடுத்துப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். காற்று வராவிட்டால் தொடவே மாட்டேன். கடவுளே, காற்று வர வேண்டாம்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று பேனாவைப் பிடிக்க முடியவில்லை. இன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

வந்தது. காலையில் மேகமே இல்லாத வானம். படகை இறக்கும்போது மலைப்பக்கம் கறுத்தது. நான் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிப் போய் நான்கு சுவெட்டரையும் மாட்டிக்கொண்டு, குழாயடியில் நின்று நனைத்துக்கொண்டேன். குளிரில் பல் தந்தியடித்தது. கையைத் தூக்கவே பாரமாக இருந்தது. வெளியே வந்தேன். அவள் பாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், என்னைக் கவனிக்கவில்லை.

அந்த அரைமணி நேரத்தை என்ன சொல்வது? காற்று ஓங்கி அறைய அறைய நான் மல்லாந்தேன், படகு நிமிர்ந்தது. நிமிர்ந்தது! பாயைத் தளர்த்தாமலே பறந்தோம். பந்தயத் தடத்தின் இரண்டு மிதவைகளைச் சுற்றி முடித்தபோது எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. "அப்படித்தான்! அப்படித்தான்டா என் ராஜா!" என்று கத்தினாள். டா! கல்யாணமாகி இருபத்திநாலு வருடத்தில் முதல் முறை. பயம், குளிர், தொடை வலி எதுவுமே தெரியவில்லை. எனக்கே படகு பிடித்துப்போய்விட்டதோ என்று தோன்றியது.

மூன்றாவது மிதவைக்குப் போகும் வழியில் காற்று சட்டென்று நின்றது. நின்று, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. மல்லாந்து கிடந்தவன் உள்ளே எழுந்து வர வேண்டும், நொடியில். அந்தக் கனத்தோடு எழ முடியவில்லை. என் பக்கமாகவே படகு கவிழ்ந்தது. பாய் என் தலைக்கு மேல் விழுந்தது.

பாய்க்கு அடியிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. லைஃப் ஜாக்கெட் மிதக்க வைத்தது. அவள் கவிழ்ந்த படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, தன் எடை முழுவதையும் போட்டு, ஒற்றை ஆளாக அதை நிமிர்த்தினாள். மற்றவர்கள் இன்னும் பின்னால்தான் இருந்தார்கள். "ஏறு! சீக்கிரம்! இன்னும் நாமதான் முதல்ல!" என்று கையை நீட்டினாள். தண்ணீருக்குள் கனம் தெரியவில்லை. விளிம்பைப் பிடித்து மேலே வந்தபோதுதான் தெரிந்தது. நெஞ்சுக்கு மேல் வர முடியவில்லை. மூன்று முறை. அவள் என் ஜாக்கெட்டின் தோளைப் பிடித்து இழுத்தாள், நானும் எட்டி உதைத்தேன், இருவருமாகச் சேர்ந்து மறுபடி படகையே கவிழ்க்கப் பார்த்தோம். என் கை விறைத்துவிட்டது. விரல் தானாகத் திறந்துகொண்டது. அலை வாயில் அடித்தது.

"என்னாச்சு? ஏன் இவ்வளவு கனக்கறே?" என்று கத்தினாள். என் காலரைப் பிடித்திருந்த கையால் மழைக்கோட்டின் உள்ளே தடவினாள். அவளுக்கு ஒரு நொடி போதும். தினமும் டன் கணக்கில் ஈரத்துணியைத் தொடுகிறவள். முகத்தில் ஈயாடவில்லை.

வெளியாள் உதவி வாங்கினால் பந்தயத்திலிருந்து வெளியே. அவள் யோசிக்கக்கூட இல்லை. ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தி, மோட்டார் படகைக் கூப்பிட்டாள். பந்தயத்தை நடத்தும் பல் டாக்டர்தான் வந்தார். அவரும் இன்னொருவருமாக என்னை மூட்டையாகத் தூக்கிப் போட்டார்கள். மற்ற படகுகள் எங்களைத் தாண்டிப் போயின.

கரையில் போர்வை, டீ. உயிர் வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காற்றில் கவிழ்ந்தார்கள், ஏற முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த விளையாட்டில் நடுவர் கூடவே வருவதில்லை. தப்பு செய்தவரே போய்ச் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். நான் கழற்றிப் போட்ட சுவெட்டர்களை அவள் வாரி எடுத்துக்கொண்டு போய், எல்லார் முன்னாலும் அந்தக் கொக்கியில் மாட்டினாள். தராசு பதினாலில் நின்றது. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பல் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, கவிழ்ந்ததுக்கு மட்டும்னா அந்தக் கடைசி இடத்துக்குப் பதிலா இதைக் கணக்குல கழிச்சுக்கலாம். ஏமாத்தினதுன்னு எழுதினா கழிக்க முடியாது, வருஷப் பட்டியல்லேருந்தே படகை எடுத்துடணும். கோப்பை போயிடும். எழுதத்தான் வேணுமா?"

"எழுதுங்க" என்றாள். "என் படகு."

என் பெயரை அவள் சொல்லவில்லை. நான் போர்வைக்குள் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இன்று வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களும் இல்லை, நீயும் இல்லை.

அக்டோபர் 15, புதன்

மேசையில் சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. அவள் படுத்துவிட்டாள்.

அக்டோபர் 18, சனி

இன்று பேசினாள். எழுதிவிட வேண்டும்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து குழாயை மூடினாள்.

"ஏன் அப்படிப் பண்ணீங்க? கோப்பைக்காகவா?"

"கோப்பை கிடக்கட்டும்."

"பின்னே? செத்துப்போயிருப்பீங்க. என் கையிலேருந்து நழுவிக்கிட்டே இருந்தீங்க, தெரியுமா? படகுல உட்கார அவ்வளவு ஆசையா உங்களுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை. "எனக்குப் படகே பிடிக்காது!" என்று கத்திவிட்டேன். கையில் சோப்பு நுரை. "தண்ணின்னாலே பயம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறறேன்."

அவள் கேட்டாள்: "பதினோரு வருஷமாவா?"

"ஆமா."

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

"அங்கதானே நீ என்கூடப் பேசறே."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அசிங்கமாக இருந்தது. சின்னப் பிள்ளை புகார் சொல்கிறமாதிரி. அவள் உட்கார்ந்துவிட்டாள். "நான் எங்கே பேசினேன்? கத்தினேன்" என்றாள். "கத்தினாலும்தான்" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

எழுந்து குழாயைத் திறந்துவிட்டாள். "நாளைக்கு மூட்டையோட போறேன். நீங்க வர வேண்டாம். கரைக்கும் வர வேண்டாம்."

"ஃபிளாஸ்க்காவது..."

"வேண்டாம்னேன்ல. நீங்க அங்கே நடுங்கிக்கிட்டு நிக்கறதை நினைச்சா எனக்கு ஓட்ட வராது. வீட்டுல இருங்க."

கோப்பை ஏற்கெனவே போய்விட்டது. நாளைக்கு ஜெயித்தாலும் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் போகிறாள். கரையில்கூட நான் நிற்கக் கூடாதாம். எல்லாம் முடிந்தது என்று அர்த்தமா? இருக்கலாம். களைப்பாக இருக்கிறது. படுக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் அவள் போன பிறகு வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. கூடத்தில் வெயில் விழுகிறது, தொலைக்காட்சிமேல் தூசு இருக்கிறது. தட்டினேன்.

வெயில் போயிற்று. ஜன்னல் ஒன்று அடித்துச் சாத்திக்கொண்டது. போய்ப் பார்த்தால் வானம் முழுக்க இருட்டு. எதிர்வீட்டுக் கூரைத்தகடு தடதடவென்று ஆடியது, கொடியில் கிடந்த துணி தெருவுக்குப் பறந்தது. இந்தக் காற்றா? இந்தக் காற்றிலா அவள் அங்கே... படகில் இருந்தபோது பயத்துக்குக்கூட நேரம் இருந்ததில்லை, கயிறு இழுக்கவே சரியாக இருக்கும். இங்கே இழுக்க ஒரு கயிறு இல்லை. நடந்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? ஏரியில் இருக்கிறாள். முட்டாள்! மறுபடி செய்தேன். வண்டிச்சாவியை எடுத்தேன், வர வேண்டாம் என்றாளே என்று வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். இத்தனை வருடம் என்னை முன்னால் உட்காரவைத்து ஓட்டினாளே, அந்த முதுகைப் பார்த்தே ஓட்டியவளுக்கு எப்படி இருந்திருக்கும்? போன ஞாயிறு என் காலரைப் பிடித்துக்கொண்டு தொங்கினாளே, அப்போது எப்படி இருந்திருக்கும்? என்ன காரியம் செய்தேன் நான்.

சாயங்காலம் கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நின்றாள். உதட்டில் காயம். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். "என்னாச்சு? அடி பட்டுச்சா? மூட்டை எங்கே?"

"இருங்க, இருங்க. முதல்லேருந்து சொல்றேன்" என்றாள்.

உடைகூட முழுதாக மாற்றவில்லை. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டு டம்ளர் எல்லாவற்றையும் ஒதுக்கினாள். உப்பு டப்பா முதல் மிதவை. சர்க்கரை டப்பா இரண்டாவது. ஊறுகாய் பாட்டில் பல் டாக்டரின் மோட்டார் படகு. இரண்டு ஸ்பூனை எடுத்து, "இது நாங்க. இது அந்தச் சிவப்புப் பாய்க்காரன்" என்று நகர்த்தத் தொடங்கினாள்.

ஹாரன் அடித்தபோது எந்தப் பக்கம் காற்று, ஏன் எல்லாரும் இடப்பக்கம் போக அவள் மட்டும் வலப்பக்கம் போனாள், தண்ணீரின் நிறம் எங்கே மாறியது, மூட்டை எங்கே "அக்கா, கரைக்குப் போயிடலாம்க்கா, எனக்கு ரெண்டு பொண்ணுங்கக்கா" என்று அழ ஆரம்பித்தார், அவள் என்ன சொல்லி அதட்டினாள், பாய்க்கம்பு எப்படித் திரும்பி உதட்டில் அடித்தது - ஒன்று விடவில்லை. சிவப்புப் பாய்க்காரன் தடுமாறியதை அவள் நடித்துக் காட்டியபோது தண்ணீர் தெறித்து மேசையெல்லாம் ஈரம். "நீங்க இருந்திருந்தா அந்த இடத்துல என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள். "அழுதிருப்பேன்" என்றேன். சிரித்தாள், உதடு வலித்து "ஸ்ஸ்" என்றாள், மறுபடி சிரித்தாள்.

யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை வருடம் பந்தயம் முடிந்து வந்தால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. நானும்தான் கூடவே இருந்தேனே, எனக்கு என்னத்தைச் சொல்வாள்?

நான் டீ போட எழுந்து, போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். ஸ்பூன் இரண்டும் சர்க்கரை டப்பாவுக்கும் மூன்றாவது மிதவையான மிளகுத்தூள் டப்பாவுக்கும் நடுவில் நிற்கின்றன. எழுப்ப மனமில்லை. போர்வையைப் போர்த்திவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எத்தனையாவதாக வந்தாள் என்று கேட்கவே இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

காலையில் அவள் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பார்க்கவில்லை. மேசையைத் துடைக்காமல் விட்டு நானும் கிளம்பினேன்.

பதினோரு மணிக்குக் கடைப் போன் அடித்தது. கடைக்கு அவள் போன் செய்வது மகளுக்குக் காய்ச்சல் என்றால்தான். பதறிப்போய் எடுத்தேன். பின்னால் சலவை இயந்திரங்கள் ஓடும் சத்தம்.

"எங்கே விட்டேன்?" என்றாள்.

"மூணாவது மிதவைக்கு முன்னாடி."

"ஆங். கேளு. அங்கே சுத்தமா காத்து நின்னுபோச்சு. மூட்டை என்ன பண்ணினார் தெரியுமா..."

கவுண்டருக்கு முன்னால் கண்ணாடி வாங்க இரண்டு பேர் நின்றிருந்தார்கள். உட்காரும்படி கை காட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.